அம்மப்பாவின் தருவும் காலைச் சாப்பாடும்

ஐயாவுக்கு வணக்கம்.

நான் உளவியல் டிப்ளோமா படிக்கிறேன். எங்கள் அம்மப்பா கன்னன்குடாவில் ஐம்பது வருடங்களுக்கு மேல் வடமோடி என்ற வகைக் கூத்து ஆடியவர். இப்போது காலையில் பிட்டுச் சாப்பிட்டதை அரை மணித்தியாலத்தில் மறந்து, "இன்னும் சாப்பாடு தரல்லியே" என்கிறார். ஆனால், மத்தளச் சத்தம் கேட்டால் வரவுத் தருவை, அதாவது பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடும் பாட்டை, பிசகாமல் முழுவதும் பாடுகிறார். நடுவில் ஓர் அடியைக் கேட்டால் விழிக்கிறார். நினைவு, குறுங்காலக் களஞ்சியத்திலிருந்து நீண்டகாலக் களஞ்சியத்துக்குப் போகிறது என்று எங்கள் பாடக்குறிப்பு சொல்கிறது. பழுதானது எந்தக் களஞ்சியம்? அந்தத் தருக்களை எப்படி எழுதியெடுப்பது?

வாசகி, மட்டக்களப்பு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குறிப்பில் இருப்பது உளவியலாளர்கள் அட்கின்சனும் ஷிஃப்ரினும் 1968இல் முன்வைத்த மாதிரி. அதன்படி, கவனத்தில் பட்டது குறுங்கால நினைவில் சில விநாடிகளே தங்கும். மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்காவிட்டால் அரை நிமிடத்துக்குள் கரைந்துவிடும். ஆகவே அரை மணித்தியாலத்துக்கு முந்திய பிட்டு குறுங்கால நினைவின் விடயமே அல்ல. நீங்கள் கேட்ட கேள்வியை மறக்காமல் அம்மப்பா பதில் சொல்லி முடிக்கிறார் என்றால், குறுங்கால நினைவு அவரிடம் இயங்குகிறது. புதியதை நீண்டகால நினைவில் பதிப்பதுதான் தடைப்படுகிறது. இதை வயதின் மறதி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், தாமதிக்க வேண்டாம்.

ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் ஓர் எண்ணை அவர் சொல்லிக்கொண்டே இருக்கும் வரை அது நின்றது. கவனம் சிதறியதும் எண்ணும் போயிற்று, தனக்கு ஓர் எண் சொல்லப்பட்டது என்ற நினைவும் போயிற்று. ஆனால் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாட்கள் கொடுத்தபோது, முன்பு செய்ததாக நினைவே இல்லாமல் அவரது கை தேர்ச்சி பெற்றுக்கொண்டே வந்தது. கை கற்பதற்கும் நடந்ததை நினைவுகூர்வதற்கும் வழிகள் வேறு என்று அப்போதுதான் தெளிவாயிற்று. நீண்டகாலக் களஞ்சியம் ஒன்றே என்று உங்கள் குறிப்பு சொல்லுமானால், அந்த இடத்தில் அது போதாது.

அம்மப்பாவின் ஆட்டக் கால்கள் இந்தக் கை கற்ற வகையைச் சேர்ந்தவை. தருவின் சொற்களோ வேறு. அவை நிலைத்ததற்கு அவற்றின் பழமையும் ஒரு காரணம். அண்மைக்கால நினைவுகளே முதலில் அழிகின்றன, பழையவை பிந்தியே அழிகின்றன என்று பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இலேயே எழுதினார். அதைவிடப் பெரிய காரணம் நம் கூத்துப் பழக்கத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சட்டம் கொடுத்த, அதாவது ஆடுபவருக்கு அவர் பாட வேண்டிய பகுதியைக் கொடுத்த, நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கான இரவுகளில், ஒவ்வோர் அடியும் மத்தளத்தோடும் தாளக்கட்டோடும் காலடியோடும் சேர்ந்தே அவருக்குள் பதிந்திருக்கிறது.

பதியும்போது எது கூட இருந்ததோ அதுவே பின்னர் நினைவை எழுப்பும் என்று உளவியலாளர்கள் டல்விங்கும் தாம்சனும் 1973இல் காட்டினார்கள். தனியே ஓர் அடியைக் கேட்கும்போது அவர் விழிப்பது அதனால்தான். அந்த அடி அவருக்குள் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை. ஆகவே கொப்பியும் பேனையுமாக முன்னால் உட்கார்ந்து வரி வரியாகக் கேட்காதீர்கள். அவரோடு ஆடிய அண்ணாவியார் (கூத்து பழக்கும் ஆசான்) ஒருவரை மத்தளத்தோடு வீட்டுக்கு அழைத்து, வரவிலிருந்தே தொடங்கச் செய்து, தவறினாலும் இடைமறிக்காமல் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.