வீட்டை அடமானம் வைப்பதற்கு முன்

கேள்வி: கணினி அறிவியலில் பி.இ. முடித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பிரிட்டன் சென்று தகவல் பாதுகாப்பில் எம்.எஸ்ஸி. படிக்கவும், பிறகு அங்கேயே அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பில் சேரவும் விரும்புகிறேன். அப்பா வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். துணியலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: அரசு வேலை என்ற ஆசையை முதலில் பேசிவிடுவோம், கடன் வாங்கும் துணிவே அதை நம்பித்தான் எழுந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், ஜி.சி.எச்.க்யூ. என்ற உளவு அமைப்பின் ஓர் அங்கம். அங்கே சேர பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும். அரசுக்கும் ராணுவத்துக்கும் பணி செய்துதரும் தனியார் நிறுவனங்களிலும் பல பதவிகளுக்கு 'எஸ்.சி.' (செக்யூரிட்டி செக்) எனப்படும் பாதுகாப்பு ஒப்புதல் கேட்கிறார்கள்; அதற்கு வழக்கமாக 5 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அதற்கும் மேலான 'டி.வி.' (டெவலப்டு வெட்டிங்) ஒப்புதலுக்கு 10 ஆண்டுகள். மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த நிபந்தனை தளராது. படிப்பு முடிந்த பிறகு இதை அறிந்து மனம் உடையும் பிள்ளைகளை நினைத்தே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்குத் திறந்திருப்பவை வங்கிகள், காப்பீடு, தொலைத்தொடர்பு, ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவையே. படிப்புக்குப் பின் வேலை தேடுவதற்கான கிராஜுவேட் விசா இப்போது 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. அதற்குப் பிறகும் தங்க, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க ('ஸ்பான்சர்' செய்ய) அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று, அரசு நிர்ணயித்த சம்பளத்துக்குக் குறையாமல் உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அந்தப் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் படித்து வருவோருக்குச் சற்றுக் குறைவு.

இனிப் படிப்பைப் பற்றி. சர்ரே மாவட்டத்து எகம் என்ற சிற்றூரில் உள்ள ராயல் ஹாலோவே கல்லூரி 1992-லேயே இந்தத் துறைக்கென எம்.எஸ்ஸி. தொடங்கியது, உலகில் இத்துறையின் மிகப் பழைய முதுநிலைப் படிப்புகளுள் அது ஒன்று. கணிதப் பேராசிரியரான பிரெட் பைப்பர் வளர்த்தெடுத்த குழு அது என்பதால், ஊடுருவல் கருவிகளைப் பழக்கித் தருவதோடு நின்றுவிடாமல், ரகசியம் காக்கும் முறை ஒன்று ஏன் உடையாமல் நிற்கிறது என்பதை அடியிலிருந்து விளக்கும் மரபு அங்கே உண்டு. இணையத்தில் நாம் பணம் செலுத்தும்போது துணை நிற்கும், பூட்டும் சாவியை எல்லோருக்கும் தந்து திறக்கும் சாவியை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளும் பொதுச் சாவி முறை ஒன்றை 1973-இல் கண்டறிந்த கிளிஃபர்ட் காக்ஸ், ஜி.சி.எச்.க்யூ.வில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கணிதப் பட்டதாரி. அமெரிக்காவில் மூவர் 1977-இல் அதே முறையைத் தாமாகக் கண்டறிந்து ஆர்.எஸ்.ஏ. என்று புகழ்பெற்றார்கள், காக்ஸின் பணியோ 1997 வரை வெளியில் சொல்லப்படவில்லை. இந்தப் படிப்பின் முதுகெலும்பு கணிதம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கூடவே, ஒரு நிறுவனத்தின் ஆபத்துகளை மதிப்பிட்டு மேலாளருக்குப் புரியும்படி எழுதும் பயிற்சியும் உண்டு. சோதனைப் பிரிவில் பிழை அறிக்கை எழுதிப் பழகிய உங்களுக்கு அது கைவந்த வேலை. ஓராண்டு மிகக் குறுகிய காலம். வகுப்புகள் முடியுமுன்பே ஆய்வேட்டுக்கான தலைப்பைத் தேர்ந்தாக வேண்டும்.

கல்லூரிக் கட்டணம் தவிர, லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுக்கான பணத்தை விசாவுக்குக் காட்ட வேண்டும். லண்டனில் மாதம் 1,529. இது 2025 நவம்பரில் வந்த கணக்கு. விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் அந்த வருமானத்தைக் கடன் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆகவே, வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தருகிறது. 2 ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். உங்களிடம் 3 ஆண்டுகள் இருக்கின்றன. படித்து முடித்ததும் 2 ஆண்டுகளுக்குத் தாய்நாடு திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேயே தங்க விரும்பும் உங்களுக்கு இது கசக்கலாம். கடனில்லாமல் திரும்பி வந்து இங்குள்ள வங்கிகளில் பணியாற்றுவது, கடனோடு அங்கே ஸ்பான்சர் தேடி அலைவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஒருமுறை கிடைக்காவிட்டால் மறு ஆண்டும் முயலுங்கள்.

கேள்வி: தகவல் பாதுகாப்புப் படிப்புக்கான விண்ணப்பத்தில் திறமையைக் காட்ட, உள்ளூர் நிறுவனங்களின் இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்து எழுதலாம் என்கிறான் நண்பன். சரியா?
— வாசகர், தென்காசி

பதில்: கூடவே கூடாது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவது, நோக்கம் நல்லதானாலும், பிரிட்டனின் 1990-ஆம் ஆண்டுக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அனுமதியில்லா நுழைவைத் தடுக்கிறது. நேர்மையற்ற நோக்கம் நிரூபணமானால் 66-ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. பாதுகாப்புத் துறையில் வேலை தருவோர் பின்னணியை அலசிப் பார்ப்பவர்கள். ஒரு வழக்கு இருந்தாலே வாசற்படியில் நிறுத்திவிடுவார்கள். உங்கள் கணினியிலேயே ஒரு மெய்நிகர் இயந்திரத்தை (கணினிக்குள் தனியாக இயங்கும் மென்பொருள் கணினியை) நிறுவி, பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு வெளியிடப்பட்ட மென்பொருளை அதில் ஏற்றிப் பழகுங்கள். கண்டதையும், அதை அடைத்த விதத்தையும் தேதியோடு குறித்து வைத்தால், விண்ணப்பத்தில் காட்ட அந்தக் குறிப்பேடே போதும்.