இரும்புக்கல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கோவையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பாகங்கள் வார்க்கிற ஃபவுண்டரிகள் நிறைந்த ஊர் இது. தோசைக்கல், பணியாரக்கல் வார்ப்பவர்களும் இங்கே உண்டு. போன இதழில், நான்ஸ்டிக் கல்லின் பூச்சு உரிந்துவிட்டால் அடுத்ததாக ஓர் இரும்புக்கல் வாங்குங்கள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆன்லைனில் பார்க்கும் வார்ப்பிரும்புக் கல் எங்கள் வாரச் சந்தையில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, துறையூர்

இரும்பு ஒன்றுதான் அம்மா. விலை ஏறுவது மேல்வேலையில். மணல் அச்சில் வார்த்த கல் சொரசொரப்பாகத்தான் வெளியே வரும். அதை மெஷினில் இழைத்து வழவழப்பாக்கினால் அதற்கு ஒரு கூலி. எண்ணெய் தடவிச் சூட்டில் வைத்து 'பழக்கிய கல்' என்று கொடுத்தால் அதற்கும் ஒரு கூலி. அப்புறம் அட்டைப்பெட்டி, கூரியர் செலவு. இழைப்பதை வீட்டில் செய்ய முடியாது, ஆனால் பழக்குவதை நீங்களே செய்யலாம். அதனால் காசு இடிக்கிறதென்றால் பழக்காத கல்லையே வாங்குங்கள்.

சந்தையில் முதலில் பார்க்க வேண்டியது அது வார்ப்பா, தகடா என்பதை. இரண்டையும் 'இரும்புக்கல்' என்றுதான் விற்பார்கள். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தகட்டுக் கல்லில் கனம் எங்கும் ஒரே சீராக இருக்கும். பிடியைத் தனியாகச் செய்து ரிவிட் அடித்திருப்பார்கள், இல்லாவிட்டால் வெல்டிங் வைத்திருப்பார்கள். வார்ப்புக் கல்லில் காதும் கல்லும் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக வந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் மணலின் பொடிப்பொடியான தடம் அடியில் தெரியும். பத்து அங்குலக் கல்லே ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும்.

தகடு மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் சூடாகும், தூக்க லேசு, கை தவறினாலும் உடையாது. மணிக்கட்டு வலி என்று வருகிறவர்களுக்கு நான் தகட்டுக் கல்லைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஹோட்டலில் தோசை வார்ப்பதும் தடித்த தகட்டில்தான். ஆனால் வார்ப்புக்கான விலையைக் கொடுத்துத் தகட்டை வாங்கிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

வார்ப்பு என்று உறுதியானதும், காதைப் பிடித்துத் தூக்கி, கரண்டிக் காம்பால் ஓரத்தில் நாலைந்து இடங்களில் தட்டுங்கள். 'ணங்' என்று ஒலி கொஞ்சம் நின்று அடங்கினால் நல்லது. ஒலி செத்துப்போய்க் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம், வேண்டாம். தட்டைக் கல் என்றால் கடைக்காரரின் கண்ணாடி மேசையில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. கன்னங்கரேலென்று மினுங்கினால் சந்தேகப்படுங்கள். எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்த்தால் லேசாகக் கறுப்போ பழுப்போ வருவது சகஜம். பெயின்ட் வாடை அடித்தாலோ, நகத்தால் சுரண்டும்போது படலமாக உரிந்தாலோ, என்ன தள்ளுபடி சொன்னாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவில் ஆசைப்படாதீர்கள். வார்ப்பிரும்பில் சூடு பரவும் வேகம் அலுமினியத்தில் கால்வாசிதான் இருக்கும். வீட்டு கேஸ் அடுப்பில் பெரிய கல்லை வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாகவே கிடக்கும். பத்து, பதினொரு அங்குலம் போதும்.

கல் வாங்கியாச்சு. மூன்று நாள் கஞ்சித் தண்ணீரில் ஊற வைத்தேன். ஆனாலும் முதல் தோசையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஓவன் கிடையாது. கல் சரியில்லையா?
– வாசகி, திருமங்கலம்

கல் சரியாகத்தான் இருக்கும். கஞ்சித் தண்ணீர் செய்வது பாதி வேலை. புதுக் கல்லில் ஒட்டியிருக்கும் மணல், துரு, கடை எண்ணெய் எல்லாம் அதில் ஊறி இளகும். தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். ஆனால் அதனால் மட்டும் கல் பழகிவிடாது. மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் படலம் சேரச் சேரத்தான் தோசை கிளம்பும்.

அதற்கு ஓவன் வேண்டாம். கல்லைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கப் போகும் வரை சிறு தீயில் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு ஸ்பூன் விட்டு, துணியால் மேலே, அடியில், காதில் எல்லாம் தடவுங்கள். அடுத்து வருவதுதான் முக்கியம். வேறொரு உலர்ந்த துணியை எடுத்து, தடவிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள். கல்லில் எண்ணெயே இல்லை என்று தோன்ற வேண்டும், மினுமினுப்பு இருக்கக் கூடாது. இப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு நடுத்தரத் தீயில் வைத்தால் சிறிது நேரத்தில் புகை கிளம்பும். அந்தப் புகை அடங்குகிற வரை வைத்து அணைத்துவிட்டு, தானாக ஆற விடுங்கள். ஆறியபின் மறுபடியும் தடவி, துடைத்து, சூடேற்றுங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் மாறிக் காப்பிப் பழுப்பாகி, அப்புறம் கறுக்க ஆரம்பிக்கும்.

எண்ணெய் அதிகமானால் படலம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். கல்லைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது என்று எங்கள் கடைக்குக் கொண்டு வருகிறார்களே, அதெல்லாம் இப்படி ஆனவைதான். எண்ணெய் இல்லாமல் இன்னொரு முறை நன்றாகச் சூடேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழக்கிய உடனே தோசைக்குப் போகாதீர்கள். முதல் ஒரு வாரம் வெங்காயம் வதக்குங்கள், ஆம்லெட் போடுங்கள், அடை வார்த்து நடுவில் குழி பறித்து எண்ணெய் விடுங்கள். அதற்கப்புறம் தோசை. அப்போதும் சிறு தீயில் ஐந்து நிமிடமாவது கல்லைக் காய விட வேண்டும். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடி மறைய வேண்டும். தெளித்த இடத்திலேயே நின்று கொதித்தால் சூடு பத்தாது. சூடு மீறிவிட்டால் மாவு கரண்டியோடு சுருண்டு வரும், தேய்க்கவே முடியாது. அப்போது நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் ஒரு தேய் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். தெளிக்கத்தான் சொன்னேன். காய்ந்த வார்ப்புக் கல்லில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் விரிசல் விட்டுவிடும்.

தோசைக்கும் சப்பாத்திக்கும் இரண்டு கல் வாங்க வசதியில்லை. ஒரே கல்லில் செய்யலாமா?
– வாசகர், பரமக்குடி

செய்யலாம், ஆனால் கல் தவிக்கும். சப்பாத்தி எண்ணெய் இல்லாத வறண்ட சூட்டில் வேகிறது. சேர்த்து வைத்த படலம் அதில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகிறது. மறுநாள் தோசை பிடித்துக்கொள்கிறது என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். வார்ப்புக் கல்லைத் தோசைக்கு வைத்துக்கொண்டு, சப்பாத்திக்கு விலை குறைந்த தகட்டுக் கல் ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை சப்பாத்தி சுட்ட ஒவ்வொரு தடவையும் சூடு ஆறும் முன் துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

சோப்பு போட்டால் கல் கெட்டுவிடும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, ஆத்தூர்

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக் கழுவினால் நன்றாகப் பழகிய கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கம்பி நாரும் விளக்குகிற பொடியும் வேண்டாம். இரவெல்லாம் சிங்க்கில் ஊறப் போடவே கூடாது. மாமியார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. வருடக்கணக்காகப் பழக்கிய கல்லை வேலை அவசரத்தில் யாராவது பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். தோசை மட்டும் வார்த்த கல்லுக்குக் கழுவலே தேவையில்லை, துணியால் துடைத்தால் போதும்.

அம்மாவின் பணியாரக்கல் பல வருடமாகப் பரணில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் துரு. எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

தயவுசெய்து போடாதீர்கள். பழைய பணியாரக்கல்லில் தேய்ந்து தேய்ந்து வழவழத்துப் போன குழிகளைப் புதுக் கல்லில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. மேலே படிந்த துரு கல்லைத் தின்றுவிடாது. விரலால் தடவும்போது பள்ளம் பள்ளமாக அரித்திருந்தாலோ, தட்டும்போது ஒலி செத்திருந்தாலோ மட்டும் யோசியுங்கள்.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கல் மூழ்கும்படி வையுங்கள். அரை மணி நேரத்தில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் இன்னொரு அரை மணி. இரவு முழுக்க விட்டால் துரு போனபின் இரும்பையே அரிக்க ஆரம்பிக்கும். வினிகர் வாங்க வேண்டாம் என்றால் புளியும் கல்லுப்பும் போட்டு, குழி குழியாகத் தேங்காய் நாரால் தேய்க்கலாம்; கை வலிக்கும், ஆனால் வேலை நடக்கும். கம்பி நார் உதவுவது இந்த ஒரு இடத்தில்தான். கழுவியதும் காற்றில் காய விடாதீர்கள். துடைத்து உடனே அடுப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணெதிரே மறுபடி பழுப்பேறும். அப்புறம் முன்னே சொன்னபடி பழக்குங்கள். குழிக்குள் எண்ணெய் தேங்காமல் துடைப்பது முக்கியம். துரு போகட்டும் என்று விறகு நெருப்பில் தூக்கிப் போட்டுச் சிவக்கக் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கல் நெளியும், வெடிக்கவும் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த இரும்பும் பூக்கும். பயன்படுத்தாத நாட்களில் எண்ணெய் தடவி, பழைய காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

இரும்புச்சட்டியில் புளிக்குழம்பு வைத்தேன். கறுத்துவிட்டது, இரும்பு வாடையும் அடித்தது. சாப்பிடலாமா? இரும்புச்சத்து ஏறும் என்கிறார்களே?
– வாசகி, குரோம்பேட்டை

சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விடும். புளி, தக்காளி, எலுமிச்சை மூன்றும் படலத்தைக் கரைத்து இரும்பை இழுக்கும். வாழைப்பூவும் வாழைக்காயும் இரும்போடு சேர்ந்தால் தாமாகவே கறுக்கும். குழம்பை மண் சட்டியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள். இரும்புச்சட்டியை வறுவல், பொரியல், தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதில் சமைத்தாலும் இரும்பிலேயே மூடி வைக்காமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரும்புச்சத்து ஏறுவது உண்மை. புளிப்பும் ஈரமும் உள்ள, நீண்ட நேரம் கொதிக்கிற சமையலில் அதிகம் இறங்கும். நன்றாகப் பழகிய கல்லில் சட்டென்று வார்த்தெடுக்கும் தோசையில் குறைவாக இறங்கும். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை. ஆகவே இரும்பில் சமைப்பது நல்லதுதான், நானும் மனதாரச் சொல்கிறேன். ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சட்டியை நம்பக் கூடாது. தலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஓசூரில் ரூமில் இருக்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். இரும்புக்கல் ஒத்துவருமா?
– வாசகர், ஓசூர்

அருமையாக வரும் தம்பி. அடி தட்டையான கல்லாகப் பார்த்து வாங்குங்கள். எடுத்த எடுப்பில் முழுச் சூடு வைத்தால் நடுப்பகுதி மட்டும் காய்ந்து கல் விரிசல் விட வாய்ப்பு உண்டு. குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும்.

கல் கைதவறி விழுந்து ஓரத்தில் விரிசல். ஒட்டவைக்க முடியுமா?
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம் அம்மா. பட்டறையில் பற்றவைத்துத் தருவார்கள், ஆனால் அடுப்புச் சூட்டில் மறுபடி விடும். பற்றவைக்கும் உலோகம் உணவுக்கு ஏற்றதா என்பதும் உறுதியில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று விரிசலோடு வைத்து வார்க்காதீர்கள், சூட்டில் திடீரென்று இரண்டாகும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். வார்ப்பிரும்பை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கி வார்க்கலாம், அதனால் வாங்கிக்கொள்வார்கள். புதுக் கல் எடுக்கப் போகும்போது மறக்காமல் ஒரு கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், தட்டிப் பார்க்க.