மனச்சிதைவில் புலன்கள் எப்படி மாறுகின்றன? கேள்வி பதில்

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய். டிவி ஓடும்போது கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: இல்லை. அரை விநாடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலி கேட்டால், மூளை பொதுவாக இரண்டாவதை அடக்கிவிடும். மனச்சிதைவு உள்ள பலரிடம் இந்த அடக்கம் குறைவு என்பது மூளை மின்அலைப் பதிவில் தெரிகிறது. மின்விசிறி, டிவி, உங்கள் குரல் எல்லாம் ஒரே கனத்தில் வந்து மோதினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? முதலில் டிவியை அணையுங்கள். எதிரே போய்ப் பெயர் சொல்லி, ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பத்து விநாடி பொறுங்கள். பதில் வரவில்லையென்று உரக்கத் திரும்பச் சொல்வதில்தான் சண்டை தொடங்குகிறது.

கேள்வி: காதடைப்பான் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கூட்டமான இடங்களுக்கு மட்டும். நாள் முழுக்க வேண்டாம். முழு அமைதியில் சிலருக்கு மாயக்குரல் (யாரும் பேசாமலே கேட்கும் குரல்) ஓங்கும். அப்போது முணுமுணுத்துப் பாடுவது, வாய்விட்டு வாசிப்பது, ஹெட்ஃபோனில் பாட்டு கேட்பது ஆகியவற்றில் எது கைகொடுக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

கேள்வி: இந்தப் புலன் தொந்தரவைக் கண்டுபிடிக்க ஸ்கேன் உண்டா?

பதில்: கிடையாது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவர் 60 கேள்விகள் கொண்ட படிவத்தை வைத்து எந்தப் புலன் தொந்தரவு தருகிறது என்று பார்ப்பார்.

கேள்வி: அம்மாவின் கையில் சூடுபட்டுக் கொப்புளம் வந்தும் வலிப்பதாகச் சொல்லவில்லை.

பதில்: இதை லேசாக விடாதீர்கள். வலியை உணர்வதும் சொல்வதும் குறையலாம். குடல்வால் அழற்சியும் மாரடைப்பும்கூட இதனால் தாமதமாகத் தெரியவந்ததுண்டு. "வலிக்கிறதா?" என்று கேட்டு நிறுத்தாமல் வாரம் ஒருமுறை பாதம், வாய், தோலைக் கண்ணால் பாருங்கள். நடை மாறினாலோ, திடீரெனச் சாப்பாடு குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சிகரெட் பிடித்தால் தலை தெளிவாகிறது என்கிறார் கணவர். உண்மையா?

பதில்: உண்மைதான். முதல் பதிலில் சொன்ன ஒலி அடக்கத்தை நிகோட்டின் கொஞ்ச நேரம் சீராக்கும். ஆனால் மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின், ஒலான்சபின் மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி புகை செய்துவிடும். திடீரென நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து ஏறும். அதிகத் தூக்கம் வரும், குளோசபினில் வலிப்பும் வரலாம். காரணம் புகையிலுள்ள தார், நிகோட்டின் அல்ல. அதனால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டைக்கு மாறினாலும் இதேதான். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் கால் துறுதுறுவென்று உட்காரவே முடியவில்லை. இதுவும் புலன் சிக்கலா?

பதில்: மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள் வந்ததென்றால் அகதீசியாவாக இருக்கலாம், அதாவது உட்கார விடாத மருந்துப் பக்கவிளைவு. புலன் நெருக்கடி என்றால் விளக்கை மங்கலாக்கி, சத்தத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும், இது தணியாது. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவு கூட்டிய தேதியை எழுதிக்கொண்டு இன்றே மருத்துவரை அழையுங்கள்.