ஃபோட்டோகார்டு உறையில் ஒட்டிக்கொண்டால்

ட்வைஸ் என்ற கொரிய பாப் குழுவின் ஃபோட்டோகார்டுகள் (பாடகிகளின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள்), அவற்றைச் சேர்த்துவைக்கும் ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, ஓரம் வளைந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கார்டைப் பிடித்து இழுக்காதீர்கள்! அச்சு பிளாஸ்டிக்கோடு போய்விடும்.

அந்த உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் மென்மையான வகை. அதை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வெயில் காலத்தில் கசிந்து அச்சில் ஒட்டும்.

முதலில் உறையின் மூன்று ஓரங்களையும் கத்தரியுங்கள். உறையின் பின்பக்கப் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, கார்டை முகம் மேலே இருக்க மேசையில் வைத்து ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். கார்டு அசையக் கூடாது. பிளாஸ்டிக்கைத்தான் பின்னோக்கி மடித்து, கார்டோடு படிந்தபடி மெல்ல உரிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எதிர் மூலையிலிருந்து வாருங்கள். மிச்சப் பிசுக்கை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றினால் போதும். சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். கையெழுத்து இருந்தால் துணிகூடப் படக் கூடாது.

வளைவுக்குக் காரணம் ஈரம்: அட்டை உப்பும், மேலுள்ள படலம் உப்பாது. இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை 2, 3 நாள் ஏற்றுங்கள். இஸ்திரிப் பெட்டி ஆகாது.

இனி பிவிசி வேண்டாம்; அந்த எண்ணெய்ப் பொருள் சேர்க்காத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். கார்டு பெரும்பாலும் 55 × 85 மி.மீ.; உறை 56 × 87 சரியாக இருக்கும். கார்டுகள் வைக்கும் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். உங்களுக்குப் பிடித்த ட்வைஸ் பாடகி நயோனின் கார்டை மட்டும் கடைசியாக உரியுங்கள், அதற்குள் கை பழகிவிடும்.