தாத்தாவுக்கு மறதி நோய் இருந்தால், தொழில் தெரிந்த அப்பாவுக்கும் வருமா?

நீங்கள் கேட்டது: தாத்தாவுக்கு அல்சைமர். கோவை கணபதியில் லேத் ஓட்டும் 58 வயது அப்பாவின் கைத்திறனும் போய்விடுமா?

பரம்பரை ஆபத்து உண்மைதான். ஆனால் அது தலையெழுத்து இல்லைங்க. இதில் அதிகம் பேசப்படுவது ஏபிஓஇ-4 மரபணு வகை. அது இருப்பவர்களிலும் பலருக்கு நோய் வருவதே இல்லை.

அனுபவத்தின் பலம் வேறு. எங்கள் பட்டறையில் மூத்த டர்னர் ஒருவர் இருக்கிறார். டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்; பையன்கள் அளவு பார்க்க மைக்ரோமீட்டரை எடுப்பதற்குள் மெஷினை நிறுத்தியிருப்பார். கை வேகம் குறைந்துவிட்டது, ஆனால் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. 1984-இல் சால்ட்ஹவுஸ் என்ற உளவியல் ஆய்வாளர் தட்டச்சர்களிடம் கண்டதும் இதைத்தான்: வயதானவர்கள் சில எழுத்துகள் கூடுதலாக முன்னால் பார்த்து, குறைந்த வேகத்தை ஈடுகட்டினார்கள்.

விமானிகளை வைத்தும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் வந்த ஆய்வில், 40 முதல் 69 வயது வரையான 118 பேரை 3 வருடம் சிமுலேட்டரில் சோதித்தபோது, தேர்ச்சி கூடியவர்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் 2011-இல், மூளை செல்களின் வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் மரபணுவின் ஒரு வகை உள்ள விமானிகளுக்குத் திறன் சற்று வேகமாகக் குறைவதும் தெரிந்தது. ஆக, பரம்பரை, அனுபவம் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமா இருங்க. பழகிய வேலை நோயின் ஆரம்பத்தை மறைத்துவிடும். தினமும் செய்யும் ஜாபைப் பார்க்காதீர்கள். புது டிராயிங்கில் திணறுகிறாரா, கணக்கு வழக்கில் தடுமாறுகிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்று பாருங்கள். அப்படித் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பிரஷர், சர்க்கரை, காது மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டறைச் சத்தத்தில் காது போவது சகஜம், அதுவும் மறதிக்கு ஒரு காரணியாகிறது.