9 ஜிபி தாண்டியாச்சு: லைசென்ஸ் வாங்குவதா, போஸ்ட்கிரஸுக்கு மாறுவதா?

பினாங்கு லெபோ பாசாரில் மசாலா, அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சகோதரியின் கேள்வி இது. பட்டர்வொர்த்திலும் சுங்கை பட்டாணியிலும் கிளை இருக்கிறது. பில், ஸ்டாக் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓடுகிறது, அதற்கு அடியில் இருப்பது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் 2019, அதன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. டேட்டாபேஸ் 9 ஜிபியைத் தாண்டிவிட்டது, அந்த இலவசப் பதிப்பின் வரம்பு 10 ஜிபி. சாஃப்ட்வேர்காரர், "ஸ்டாண்டர்ட் எடிஷன் வாங்கிவிடுங்கள், இ-இன்வாய்ஸுக்கும் அதுதான் வேண்டும்" என்கிறார். கணினி படிக்கும் தம்பி மகன், "அத்தை, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இலவசம், எதுக்குக் காசைக் கொட்டுறீங்க" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

சகோதரி, இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

முதலில் அந்த 9 ஜிபியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பில்லின் ஒரு வரி, அதாவது "கொத்தமல்லி, 5 கிலோ, இத்தனை வெள்ளி" என்பது, டேட்டாபேஸில் சில நூறு பைட்தான் பிடிக்கும். நாளுக்கு 2,000 வரி போட்டாலும் வருடத்துக்கு அரை ஜிபியைத் தொடுவது கஷ்டம். அப்படியென்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது? நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஃபோட்டோதான். டெலிவரி ஆர்டரில் கையெழுத்து வாங்கி, அதைப் போனில் படம் பிடித்து, அப்படியே டேட்டாபேஸுக்குள் திணிப்பார்கள். படம் ஒன்று 2 எம்பி, நாளைக்கு 5 படம் என்றால் வருடத்துக்கு 3 ஜிபி போய்விடும். சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லி, எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் உங்கள் டேட்டாபேஸை ரைட் கிளிக் செய்து, ரிப்போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்ஸ், டிஸ்க் யூசேஜ் பை டாப் டேபிள்ஸ் என்று போகச் சொல்லுங்கள். எந்த டேபிள் எவ்வளவு தின்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வந்து நிற்கும், ஐந்து நிமிட வேலை. படங்கள்தான் காரணம் என்றால் அவற்றைச் சாதாரண ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, டேட்டாபேஸில் ஃபைல் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். காலியான இடத்தைப் புது பில்கள் நிரப்பிக்கொள்ளும்.

2022 பதிப்பு வரைக்கும் எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் உச்சவரம்பு. மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல் அதில் சேராது. அந்த வரம்பை முட்டினால் பழைய பில்லைப் பார்க்கலாம், ஆனால் புது பில் போட முடியாது, பிரைமரி ஃபைல்குரூப் (டேட்டா இருக்கும் இடம்) நிறைந்துவிட்டது என்று ஒரு பிழைச் செய்தி வரும். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் அது வந்தால் கடையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2025 பதிப்பின் எக்ஸ்பிரஸில் இந்த வரம்பை 50 ஜிபியாக உயர்த்திவிட்டார்கள், அதுவும் இலவசம்தான். ஆகவே சாஃப்ட்வேர்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் சாஃப்ட்வேர் 2025 எக்ஸ்பிரஸில் ஓடுமா?" என்பது. இதை அவரே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் யூகிக்கப் போவதில்லை.

இ-இன்வாய்ஸ் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸ் கேட்பது எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவத்தில் ஒரு ஆவணம், அவ்வளவுதான். பின்னால் இருப்பது எஸ்க்யூஎல் சர்வரா, போஸ்ட்கிரஸா என்று அதற்குத் தெரியவே தெரியாது. கணக்குகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அதனால் பழைய வருடங்களை அழிக்காமல் தனி டேட்டாபேஸில் ஒதுக்கி வைக்கலாம், வரம்பு டேட்டாபேஸுக்குத்தானே ஒழிய மொத்த சர்வருக்கு இல்லை.

சரி, காசு கொடுத்து வாங்க வேண்டிய நேரமே வராதா? வரும். எக்ஸ்பிரஸ் டேட்டாவை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் மெமரி சுமார் 1.4 ஜிபிதான், 2025இலும் அப்படியே. மூன்று கடையும் ஒரே நேரத்தில் ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்து மெஷின் திணறினால், கேஎல்லில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட்டுக்குப் போய் 32 ஜிபி ரேம் வாங்கிப் போட்டாலும் எக்ஸ்பிரஸ் அதை எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது ஸ்டாண்டர்ட் நியாயமான செலவு. அதை இரண்டு விதமாக விற்கிறார்கள். சர்வருக்கு ஒன்று, பயன்படுத்தும் ஆளுக்கோ மெஷினுக்கோ ஒன்று என்பது முதல் விதம். பிராசசருக்குள் இருக்கும் கோர்களை எண்ணிக் காசு வாங்கும் கோர் கணக்கு இன்னொரு விதம், அதில் ஒரு பிராசசருக்குக் குறைந்தது 4 கோர் வாங்கியே ஆக வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பில் போடும் கடைக்கு முதல் விதம் மலிவு. வாடிக்கையாளர்கள் இணையத்தில் நேரடியாக ஆர்டர் போடத் தொடங்கினால் ஆள் கணக்கு கட்டுப்படியாகாது, கோர்தான். யாராவது "டெவலப்பர் எடிஷன் போட்டுத் தருகிறேன், எல்லா வசதியும் இருக்கு, ஃப்ரீ" என்றால் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வாருங்கள், அதை நிஜ வியாபாரத்துக்குப் பயன்படுத்த லைசென்ஸ் அனுமதிக்காது.

இப்போது தம்பி மகன் பக்கம். போஸ்ட்கிரஸ் நல்ல சாமான், நான் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய வேலை, எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. இது சின்ன விஷயம் இல்லை. வேறு டேட்டாபேஸ்களைப் பாருங்கள்: மைஎஸ்க்யூஎல் 2010இல் ஆரக்கிள் கம்பெனி கைக்குப் போனது, மாங்கோடிபி 2018இல் லைசென்ஸையே மாற்றியது. போஸ்ட்கிரஸில் அந்தப் பயம் குறைவு. 10 ஜிபி, 50 ஜிபி என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவும் மாட்டார்கள்.

ஆனால் ஒருவர் எழுதி விற்ற சாஃப்ட்வேருக்கு அடியிலிருந்து டேட்டாபேஸை மட்டும் உருவி வேறொன்றைச் செருக முடியாது. அவர் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்கள், அதாவது ஸ்டோர்டு புரொசீஜர் ஒவ்வொன்றையும் திருத்தி எழுத வேண்டும். அதைவிட மோசம், பிழைச் செய்தியே வராமல் தப்பாகப் போகிற இடங்கள். எஸ்க்யூஎல் சர்வரை வழக்கமான அமைப்பில் நிறுவினால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தேடலுக்கு ஒன்றுதான். போஸ்ட்கிரஸுக்கு இரண்டும் வேறு. உங்கள் கல்லாப்பெட்டிப் பையன் வாடிக்கையாளர் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்துத் தேடுவான், "இல்லை" என்று வரும், அவன் அதே ஆளைப் புதிதாகச் சேர்ப்பான். மூன்று மாதம் கழித்து ஒரே ஆளுக்கு இரண்டு கடன் கணக்கு நிற்கும்.

பொருள் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் அதையும் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் எழுத்துகளை வைக்கும் இடத்தின் வகையை வெறும் வார்சார் என்று அமைத்த இடத்தில் தமிழைப் போட்டால் பெரும்பாலும் ????? என்றுதான் சேமிக்கும், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்சார் வகை வேண்டும். போஸ்ட்கிரஸை எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 எழுத்து முறையில் அமைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நீளம் மட்டும் இரண்டிலும் ஏமாற்றும்: "கொத்தமல்லி" நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 10, ஏனென்றால் கொம்பும் காலும் சேர்ந்த குறி, விசிறி, புள்ளி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது.

இலவசம் என்ற சொல்லில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. கிள்ளானில் ஒரு கடைக்கு நான்தான் போஸ்ட்கிரஸ் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓடும்படி அமைத்துவிட்டு வந்தேன். நடுவில் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறமும் தினமும் ஃபைல் உருவானது, பெயர் சரி, தேதி சரி, அளவு மட்டும் 0. டிஸ்க் போன அன்றுதான் அதைத் திறந்து பார்த்தோம். ஏழு வார பில்களைக் காகிதத்திலிருந்து திரும்ப அடித்தார்கள், நானும் கூட உட்கார்ந்து அடித்தேன். பாஸ்வேர்டை மாற்றியவர் மேல் பழி போட்டிருக்கலாம், ஆனால் ஒரு தடவைகூட பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து, அதாவது திரும்ப எடுத்துப் பார்க்காதவன் நான். காசு கட்டி வாங்கியிருந்தாலும் இதே கதிதான், எக்ஸ்பிரஸில் இன்னும் எளிது, ஏனென்றால் நேரம் குறித்து பேக்கப் ஓட்டும் ஏஜென்ட் அதில் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் யாராவது தனியாக அமைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அமைத்திருக்கிறார்களா?

ஆகவே எந்த டேட்டாபேஸ் என்பதற்கு முன்னால், சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு சிஸ்டம் படுத்துவிட்டால் யார் வருவார் என்று கேளுங்கள். எஸ்க்யூஎல் சர்வருக்கு உங்கள் சாஃப்ட்வேர்காரர் வருவார். போஸ்ட்கிரஸுக்குத் தம்பி மகன், அவன் படிப்பு முடிந்து கேஎல்லிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போகும் வரைக்கும்.

என் பங்குக்குச் சொல்வது: இருக்கிற பில் சாஃப்ட்வேரை எக்ஸ்பிரஸிலேயே விடுங்கள், படத்தை வெளியே எடுங்கள், 2025க்கு ஏற்றுங்கள். பையனுக்கு ஆசை இருந்தால் கிளைகளுக்கான ஆர்டர் ஆப் ஒன்றைப் புதிதாக போஸ்ட்கிரஸில் எழுதட்டும், அது விழுந்தாலும் கடை நடக்கும். அந்த டேபிள் ரிப்போர்ட்டை எடுத்ததும் ஒரு படம் அனுப்புங்கள். ஃபோட்டோ டேபிள் 2 ஜிபிக்குக் கீழே இருந்தால் என் கணக்கு தப்பு, மறுபடி பேசுவோம்.