பைத்தான் இருக்கட்டும், அந்தக் குடுவையைச் சொல்லுங்கள்

கேள்வி: விலங்கியலில் பி.எச்டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூலிகைச் சாறு ஒன்று மார்பகப் புற்றுநோய் செல்களில் என்ன செய்கிறது என்பது ஆய்வு. எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்குக்கு வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். சாறு போட்டது மூன்று, போடாதது மூன்று, எல்லாம் செல் வளர்க்கும் ஒரே குடுவையிலிருந்து ஒரே நாளில் பிரித்தவை. 40 பக்க பி.டி.எஃப். வந்தது. படங்கள் அழகாக இருக்கின்றன, ஒன்றும் புரியவில்லை. “அப்படியே தீசிஸில் போடும்மா” என்கிறார் கைடு. பிளஸ் டூவில் நான் ப்யூர் சயின்ஸ் எடுத்ததே கணக்குக்குப் பயந்துதான். பைத்தான் என்ற கணினி நிரல் மொழிக்கு ஆறு மாத வகுப்பில் சேரச் சொல்கிறாள் தோழி. கட்டணம் 40,000 ரூபாய். சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். வகுப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். ‘ஒரே குடுவையிலிருந்து ஒரே நாளில்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, எனக்குக் கவலை அதில்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அதே பானையிலிருந்து மூன்று சோறு எடுத்தாலும் தெரிவது அந்தப் பானையின் பதம்தான். நாளைக்கு வைக்கப்போகும் உலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்கள் மூன்று மாதிரிகளும் அப்படித்தான். கணினிக்கு அவை மூன்று. புள்ளியியலுக்கு ஒன்று. இதை எந்தப் பைத்தானாலும் சரிசெய்ய முடியாது. 1938-ல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் சொன்னார்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது மாதிரி; எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம்.

பயப்படாதீர்கள், உங்கள் சோதனை இன்னும் சாகவில்லை. மூன்று வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு குடுவைகளில் செல்களை வளர்த்து, முக்கியமான ஏழெட்டு மரபணுக்களை மட்டும் க்யூ.பி.சி.ஆரில் (சில மரபணுக்களின் இயக்கத்தை மட்டும் அளக்கும் சோதனை) பாருங்கள். மறுபடி சீக்வென்சிங் செய்வதைவிடச் செலவு மிகக் குறைவு. மூன்று நாளும் ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ தைரியமாக எழுதலாம்.

இனி கணக்கு. பி.எச். மீட்டரில் 7 என்பது 6 ஆனால் அமிலத்தன்மை பத்து மடங்கு என்று உங்களுக்குத் தெரியும். அதுதான் மடக்கை (லாக்). அந்த பி.டி.எஃப்-இல் ‘லாக்2 ஃபோல்ட் சேஞ்ச்’ (மரபணுவின் இயக்கம் எத்தனை மடங்கு மாறியது) என்றிருப்பதும் அதுவே, பத்துக்குப் பதில் இரண்டு. 1 என்றால் இரு மடங்கு, 3 என்றால் எட்டு மடங்கு, மைனஸ் 1 என்றால் பாதி. பயந்த கணக்கில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி பி-வேல்யூ: சாறு ஒன்றுமே செய்யாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். 20,000 மரபணுக்களைச் சோதிக்கிறீர்கள், 0.05 எல்லை வைக்கிறீர்கள். சாறுக்குப் பதில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் சுமார் 1,000 மரபணுக்கள் தற்செயலாக அந்த எல்லைக்குள் வந்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே, இத்தனை சோதனைகளையும் கணக்கில் கொண்டு திருத்திய ‘அட்ஜஸ்டட்’ என்று இன்னொரு பத்தி (நெடுவரிசை). பெரும்பாலும் அது பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் 1995-ல் தந்த முறை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான். உங்களிடம் இருக்கும் பட்டியல் எதை வைத்துத் தயாரானது என்று இன்றே பாருங்கள்.

பார்க்கும்போது ஃபைலை எக்செலில் திறந்து சேவ் செய்துவிடாதீர்கள். ‘செப்ட்2’ என்ற மரபணுவை அது செப்டம்பர் 2 ஆக்கிவிடும். ‘மார்ச்1’ மார்ச் மாதம் முதல் தேதியாகிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் 2020 வாக்கில் மாறியது எக்செல் அல்ல, மரபணுக்களின் பெயர்! செப்ட்2 இப்போது செப்டின்2.

சரி, கோடிங். உங்கள் வேலைக்குப் பைத்தானைவிட ‘ஆர்’ என்ற நிரல் மொழி நெருக்கம் என்பது என் கட்சி. ஆக்லாந்தில் இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் உருவாக்கியது, இலவசம். முதலில் நிறுவனத்திடம் ‘கவுண்ட்ஸ்’ அட்டவணையையும் (ஒவ்வொரு மரபணுவும் ஒவ்வொரு மாதிரியில் எத்தனை முறை எண்ணப்பட்டது என்பது) கருவி தந்த மூலத் தரவான ஃபாஸ்ட்க்யூ ஃபைல்களையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பணத்தில் வந்த தரவு, கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் வாரம் அட்டவணையை ‘ஆர்’-இல் திறந்து ஆறு மாதிரிகளின் பத்திகளையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள், போதும். ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதியாக இருந்தால் ஏனென்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்கத் தோன்றுவதுதான் பயிற்சி. அடுத்து, எந்த மாதிரி எதோடு ஒத்திருக்கிறது என்று காட்டும் பி.சி.ஏ. படம், பிறகு மாறிய மரபணுக்களைக் கண்டுபிடிக்கும் ‘ஆர்’ தொகுப்பான டெசெக்2. உங்கள் பட்டியலையும் அவர்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் முடியும். சொந்தத் தரவு இல்லாமல் கற்ற கோடிங் எனக்கே ஒரு மாதத்தில் மறந்துபோனது.

பாடத்துக்கு ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டெல் இருக்கிறது, தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஆராய்ச்சியாளர்களுக்குக் கோடிங் கற்றுத்தரும் கார்பென்ட்ரீஸ் அமைப்பின் பாடங்கள் உயிரியல்காரர்களுக்கென்றே எழுதியவை போலிருக்கும், இலவசம். கணினி திணறினால் இணையத்திலேயே தரவை அலசித் தரும் கேலக்ஸி தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பி.எச்டி.யின் தொடக்கத்தில் வரும் கோர்ஸ் ஒர்க்கின் 12 கிரெடிட்டில் இதையெல்லாம் சொல்லித் தந்திருக்க வேண்டும். பல இடங்களில் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு ஒருநாள் பயிலரங்கும் ஒரு சான்றிதழும்தான் கிடைக்கின்றன. என்ன சொல்ல!

கைடிடம் “இது தப்பு சார்” என்று ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு போய், “சார், வைவாவில் எத்தனை குடுவை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?” என்று மட்டும் கேளுங்கள்.